நீர்கொழும்பு: விமானத்துக்கும் வள்ளத்துக்கும் இடையே ஒரு நாள்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கும் பயணிகளில் பலருக்கு நீர்கொழும்பு ஒரு படுக்கை மட்டும்தான். நள்ளிரவு தாண்டி வந்து சேருவார்கள், ஒன்பது மணிக்கு எழுந்து சாப்பிடுவார்கள், பத்து மணிக்குக் கண்டிக்கோ காலிக்கோ வான் ஏறிவிடுவார்கள். ஊரைப் பார்த்தீர்களா என்று கேட்டால் கடற்கரையைப் பார்த்தோம் என்பார்கள். நீர்கொழும்பில் மிகச் சாதாரணமான இடம் அந்த ஹோட்டல் கடற்கரைதான். உண்மையான ஊர் அதற்குத் தெற்கே, களப்பு கடலோடு சேரும் வாயைச் சுற்றி இருக்கிறது. அது உழைக்கிற நேரம் பின்னிரவு தொடங்கிக் காலை ஒன்பது மணி வரை. அந்த நேரத்தைத் தூங்கிக் கழித்தால் ஊர் உங்கள் கண்ணில் படாது.

லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ வருகிறவர்களுக்கு அந்த நேரத்தில் எப்படியும் தூக்கம் வராது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஒரு நாள் அதிகாலை எழுந்தால் போதும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம், கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. கீழே உள்ளவற்றை அதனால் ஊரின் வேலை நாள் போகிற வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

இறங்கும் இரவு

விமான நிலையம் களப்பின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. பகலில் தென்மேற்கிலிருந்து இறங்கும் விமானமாக இருந்தால் ஜன்னலுக்குக் கீழே முதலில் தெரிவது தண்ணீரும் கண்டல் பச்சையும்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையின் தளமாக இருந்த இடம் இது.

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பயணச்சீட்டு எடுக்கும் முன் இலங்கை அரசின் ஈ.டி.ஏ. (மின்னணுப் பயண அனுமதி) இணையத்தளத்தை ஒருமுறை பாருங்கள், இடைத்தரகர் தளங்களில் பணம் கட்டாதீர்கள். குடிவரவு தாண்டியதும் குளிர்சாதனப்பெட்டியும் சலவை இயந்திரமும் விற்கும் தீர்வையற்ற கடைகள் வரும். வளைகுடாவில் வேலை செய்து திரும்புகிறவர்கள் வீட்டுக்கு வாங்கிப் போவதற்காக அவை. உங்களுக்கு அங்கே வேலை இல்லை, நேரே நடந்து வெளியே வாருங்கள். பணம் மாற்றும் கவுன்டர்கள், சிம் அட்டைக் கடைகள், முன்கட்டண டாக்சிக் கவுன்டர் எல்லாம் வருகை மண்டபத்திலேயே உண்டு. நீர்கொழும்பு நகரம் சுமார் 10 கிலோமீட்டர். நள்ளிரவில் இருபது நிமிடத்தில் போய்விடலாம். வண்டிக்காரர் 'நீங்கள் சொன்ன ஹோட்டல் மூடிவிட்டார்கள், வேறு நல்ல இடம் தெரியும்' என்று தொடங்கினால் ஹோட்டலுக்கு அங்கேயே தொலைபேசியில் பேசிவிடுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

பகலில் வருகிறவர்கள் ரயிலையும் யோசிக்கலாம். கொழும்பிலிருந்து புத்தளம் போகும் பாதையில் கட்டுநாயக்க, குரண, நீர்கொழும்பு, கொச்சிக்கடை என்று நிலையங்கள் வரும். மெதுவான வண்டி, மலிவான வண்டி. கொழும்பிலிருந்து 240ஆம் இலக்க பஸ்ஸும் உண்டு. 2013இல் திறந்த அதிவேகப் பாதையில் வந்தால் கொழும்பின் வாசலுக்கும் விமான நிலையத்துக்கும் இடையே 25.8 கிலோமீட்டர்தான், அதற்குக் கட்டணம் தனி.

அறை எடுக்கும்போது இரண்டு விஷயம். அதிகாலை இரண்டு மணிக்கு வந்து சேருகிறவர்கள் முந்தைய நாள் தேதிக்குத்தான் பதிவு செய்ய வேண்டும். 5ஆம் தேதி விடியலில் இறங்குகிறீர்கள் என்றால் அறை 4ஆம் தேதிக்கு. இதைக் கவனிக்காமல் வரவேற்பறை நாற்காலியில் மதியம் வரை தூங்குகிறவர்களை இந்த ஊரில் அடிக்கடி பார்க்கலாம். அடுத்தது, எங்கே தங்குவது. கடற்கரை ஹோட்டல்கள் தெற்கே லூயிஸ் பிளேசில் தொடங்கி, ஏத்துகால வழியாக வடக்கே பொருதொட்ட வரை நீள்கின்றன. வடக்கே போகப்போகக் கட்டடங்கள் பெரிதாகும், ஊர் தூரமாகும். ஒரே இரவு என்றால் லூயிஸ் பிளேஸ் போதும். அங்கிருந்து மீன் சந்தைக்கு ஓட்டோவில் சில நிமிடங்கள். படுக்கப் போகும் முன்பே காலை ஐந்து மணிக்கு ஒரு ஓட்டோவைப் பேசி வைத்துவிடுங்கள்.

ஐந்து மணி: லெல்லம

மீன் ஏலம் நடக்கும் இடத்தை ஊரில் எல்லோரும் லெல்லம என்றே சொல்கிறார்கள். பழைய கோட்டைக்குப் பக்கத்தில், களப்பு வாயை ஒட்டி இருக்கிறது. ஓட்டோக்காரருக்கு அந்தச் சொல் ஒன்றே போதும்.

ரப்பர் செருப்போடு போங்கள், நல்ல சப்பாத்தை ஹோட்டலில் விட்டுவிடுங்கள். தரை முழுக்க உப்புத் தண்ணீரும் ஐஸும் மீன் இரத்தமும்தான். நெடுநாட் படகுகள் என்று சொல்லப்படும் பெரிய படகுகள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் நின்று திரும்புகின்றன. அவற்றில் கெலவல்லா என்ற மஞ்சள் துடுப்புச் சூரையும் தலபத்தும் சுறாவும் வரும். ஒரு நாளில் போய் வரும் கண்ணாடியிழைப் படகுகளில் அறுக்குளா, பாரை, சீலா, சாளை, கும்பளா. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அறுக்குளா என்றால் வஞ்சிரம். களப்பிலிருந்து இறாலும் நண்டும் வேறு வழியாக வந்து சேரும்.

ஏலம் வேகமாகப் போகும், விலை சொல்கிற குரல் உங்களுக்காக நிற்காது. மீனைச் சுற்றி நிற்கும் வட்டத்துக்குப் பின்னால் நின்று பாருங்கள். கூடை சுமந்து வருகிறவர் வழிவிடச் சொல்லிக் கத்துவார். அது கோபம் அல்ல, அவர் கழுத்தில் ஐம்பது கிலோ இருக்கிறது. படம் எடுக்கும் முன் ஒரு தலையசைப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், மீன் வெட்டுகிற பெண்கள் சிலர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பினால் விட்டுவிடுங்கள்.

இங்கே வரும் நல்ல சூரை எல்லாம் ஊருக்குள் தங்குவதில்லை. முதல் தரமானதைப் பதப்படுத்தும் தொழிற்சாலைகள் எடுத்துக்கொள்ளும். ஐஸில் பொதியாகி, நீங்கள் வந்த அதே கட்டுநாயக்க வழியாக ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் பறக்கும். உயிர் நண்டும் அதே வழியில் சிங்கப்பூருக்குப் போகிறது. விமான நிலையம் இந்த ஊருக்குச் சுற்றுலாவை மட்டும் கொண்டுவரவில்லை, மீனுக்குத் தூரத்துச் சந்தையையும் திறந்துவிட்டது. அந்தச் சந்தை கைவிட்ட காலமும் உண்டு. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தத் தவறியதாகச் சொல்லி 2015 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. 2016 நடுப்பகுதியில்தான் நீக்கியது. படகுகளில் இன்று செய்மதிக் கண்காணிப்புக் கருவி இருப்பதற்குப் பின்னால் அந்தக் கதை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். இங்குள்ள மீனவர்களில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். சனி இரவு கடலுக்குப் போகாமல் ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள், அதனால் சந்தை வெறிச்சோடிக் கிடக்கும். புனித வாரத்திலும் அப்படியே.

ஒரு தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். சந்தை வாசலில் ஒருவர் சிரித்தபடி சேர்ந்துகொள்வார், தானும் மீனவர்தான் என்பார், ஒவ்வொரு மீனின் பெயரும் சொல்வார். கடைசியில் படகு போய்விட்டது, பிள்ளைக்குப் பால்மா இல்லை என்று ஒரு தொகை கேட்பார். ஆள் வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே எவ்வளவு என்று பேசி அழைத்துப் போங்கள், இல்லையென்றால் முதல் நிமிடத்திலேயே 'வேண்டாம் அண்ணே' என்று சொல்லிவிடுங்கள். அரைமணி நேரம் கூட நடந்த பிறகு மறுப்பது இருவருக்கும் சங்கடம்.

ஏழு மணி: கருவாட்டு வெளி

லெல்லமவைத் தாண்டிக் கடல் பக்கம் நடந்தால் மணலில் தென்னந்தும்புப் பாய்கள் விரித்துக் கிடக்கும். மீனைக் குடல் நீக்கிப் பிளந்து, பீப்பாய்களில் உப்பிட்டு ஊறவைத்து, கடல் நீரில் அலசி, பாய்களில் வரிசையாகக் காய வைக்கிறார்கள். காகங்களை விரட்டுவதும் மீனைப் புரட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. வெயிலைப் பொறுத்துச் சில நாட்கள் பிடிக்கும். மழை மேகம் தெரிந்தால் பாயோடு சுருட்டி மூடுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும்.

ஏழு மணிக்கு வருவதில் காரணம் இருக்கிறது. அப்போதுதான் பாய் விரிக்கிறார்கள், வெளிச்சம் சாய்வாக இருக்கும், வாடையும் தாங்கும்படி இருக்கும். பத்து மணிக்கு வந்தால் மூன்றுமே கைவிட்டுப்போகும்.

வாங்க நினைத்தால் இந்த வெளியில் வாங்காதீர்கள், பாதி காய்ந்தது கலந்துவிடும். நகரச் சந்தைக் கடைகளில் வாங்குங்கள். கட்டாக் கருவாடுதான் இங்கே மதிப்பானது, விலையும் அதற்கேற்றபடி. பாரையும் நெத்தலியும் நடுத்தர விலை. கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். ஈரம் கையில் ஒட்டக்கூடாது, செவுளருகிலும் முள்ளோரத்திலும் இளஞ்சிவப்புப் படை இருக்கக்கூடாது. அந்த நிறம் உப்பிலும் வாழும் நுண்ணுயிர் தொற்றியதற்கு அடையாளம்.

எட்டு மணி: களப்பு

நீர்கொழும்புக்கு வந்து ஒரே ஒரு காரியத்துக்குத்தான் காசு செலவழிப்பேன் என்றால், களப்பில் படகு எடுங்கள். சுமார் 32 சதுர கிலோமீட்டர் பரப்பு, பெரும்பகுதி இடுப்பளவு ஆழம்கூட இல்லை. தெற்கிலிருந்து தண்டுகம் ஓயா நன்னீரைக் கொண்டுவருகிறது, வடக்கே குறுகிய வாய் வழியாகக் கடல் ஏறி இறங்குகிறது. இந்த இரண்டின் கலப்பில்தான் இறால் வளர்கிறது.

இறாலின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் ஊரின் பாதி புரிந்துவிடும். கடலில் முட்டையிடும், குஞ்சு களப்புக்குள் வந்து கண்டல் வேர்களிடையே வளரும், வளர்ந்ததும் இரவு நேர வற்று நீரோடு கடலுக்குத் திரும்பும். திரும்பும் வழி அந்தக் குறுகிய வாய் ஒன்றே. அங்கேதான் கட்டுதெல் எனப்படும் வலைகளை இரவில் கட்டுகிறார்கள். கால்சட்டைக் கால் போல நீண்ட பை வலை, அதன் திறந்த வாய் நீரோட்டத்தை எதிர்கொண்டபடி கம்புகளில் கட்டப்பட்டிருக்கும். இறால் தானே உள்ளே போகும்.

வாய் குறுகியது, நல்ல இடங்கள் சில, ஆட்கள் அதிகம். வேறு ஊராக இருந்தால் வெட்டுக் குத்து நடந்திருக்கும். இங்கே பெரிய தெரு, கடற்கரைத் தெரு, துவா, பிட்டிபன ஆகிய நான்கு மீனவர் சங்கங்கள் நாட்களைப் பங்கிட்டு முறை வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு சங்கத்துக்குள்ளும் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். இன்று வாய்க்கு நேரே நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை ஓரத்து இடம் கிடைக்கலாம். மிகப் பழைய இந்த வழக்கத்தை 1958இல் அரசு விதிகளாகவும் ஆக்கியது. பொதுச் சொத்தை மக்களே எப்படி நிர்வகிக்கலாம் என்று எழுதும் ஆய்வாளர்கள் இந்தக் களப்பை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் எல்லோருக்கும் திறந்த கதவு அல்ல அது. உரிமை வலைக்காரர் பரம்பரையில் வந்த, திருமணமான, கத்தோலிக்க ஆண்களுக்கு மட்டும். ஒழுங்கு வேண்டுமென்றால் யாரையாவது வெளியே நிறுத்தித்தான் ஆகவேண்டுமா என்ற கேள்வியோடு படகில் உட்கார்ந்திருக்கலாம், அதற்கு நேரம் நிறைய உண்டு.

களப்பின் நடுவே தண்ணீருக்கு மேல் குச்சிகள் நீட்டிக்கொண்டு வட்டமாக நிற்பதைக் காண்பீர்கள். கண்டல் கிளைகளை வெட்டி நட்டு மீனுக்கு நிழலும் ஒதுக்கிடமும் செய்து, சில வாரம் கழித்துச் சுற்றி வலை போட்டுப் பிடிக்கும் முறை அது. கிளை வேண்டும் என்பதற்காகவே கரையில் கண்டல் நட்டு வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். காட்டைத் தொழிலுக்காக வெட்டுகிறவரே காட்டை நடுகிறார். இன்று கண்டலை அழிப்பது வேறு: கரையை நிரப்பிக் கட்டும் வீடுகள், கொட்டும் குப்பை, மேலிருந்து வரும் தொழிற்சாலைக் கழிவு.

படகை ஹோட்டல் வழியாகப் பேசினால் விலை ஏறும். களப்பின் தெற்கே, பமுனுகம பக்கத்தில் போபிட்டியவில் முத்துராஜவெல பார்வையாளர் நிலையம் இருக்கிறது. அங்கே போய் எடுப்பது நல்லது. முத்துராஜவெல சதுப்பு நிலம் களப்போடு ஒட்டிக் கிடக்கிறது, இரண்டும் சேர்ந்தால் 6,000 ஹெக்டேருக்கு மேல். சதுப்பின் வடபகுதி 1996 முதல் சரணாலயம். நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி கட்டாயம் தெரியும். நீருடும்பு பெரும்பாலும் தெரியும். முதலை இருக்கிறது, உங்களுக்குக் காட்சி தருவது அதன் விருப்பம். வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும். தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள், உயிர்காப்பு உடுப்பு இல்லாத படகில் ஏறாதீர்கள், கொசு மருந்தைக் கணுக்காலிலும் தடவுங்கள்.

பத்து மணிக்குப் பின்: கோட்டை, கால்வாய், கோவில்கள்

கோட்டையில் பார்க்க அதிகம் இல்லை. இந்தப் பகுதிக் கறுவா உலகத் தரம் என்பதால் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்தக் கோட்டைக்காக அடித்துக்கொண்டார்கள். 1640இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், அதே ஆண்டு போர்த்துக்கேயர் மீட்டார்கள், 1644இல் ஒல்லாந்தர் மறுபடியும் பிடித்துத் தக்கவைத்தார்கள். இன்று மிஞ்சியிருப்பது 1678 என்று பொறித்த வாயில் வளைவும் ஒரு மணிக்கூண்டும். உள்ளே சிறைச்சாலை, அதைப் படம் எடுக்காதீர்கள். லெல்லமவிலிருந்து திரும்பும் வழியில் ஐந்து நிமிடம் போதும்.

வழிகாட்டிகள் ஒல்லாந்தர் கால்வாய் என்று காட்டும் நீளமான வாய்க்காலில், கொழும்புப் பக்கத்துத் துண்டு பிரித்தானியர் 1802க்கும் 1804க்கும் இடையில் வெட்டியது. ஹமில்டன் கால்வாய் என்று பெயர். ஒல்லாந்தர் வெட்டியவை வேறு துண்டுகள். படகுச் சவாரி என்றால் களப்பையே தேர்ந்தெடுங்கள். கால்வாயில் பல இடங்களில் தண்ணீர் நாறுகிறது. அதன் கரையில் சைக்கிள் ஓட்டுவது நல்ல யோசனை.

நீர்கொழும்பைச் சின்ன ரோமாபுரி என்பார்கள். சந்திக்குச் சந்தி கண்ணாடிப் பெட்டிக்குள் புனித செபஸ்தியாரோ அந்தோனியாரோ நிற்பார். பெரிய தெருவில் உள்ள புனித மரியாள் தேவாலயத்துக்குக் கட்டாயம் போங்கள். 1874இல் தொடங்கி முடிக்க 1922 ஆனது. அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க வண்ண ஓவியம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், பூசை நேரத்தில் சுற்றித் திரியக்கூடாது. அங்குருகாரமுல்ல பௌத்த விகாரையும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. டிராகன் வாய் வழியாக உள்ளே போகும் வாசல் குழந்தைகளுக்குப் பிடிக்கும். அங்கே புத்தருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளாதீர்கள். உடலில் புத்தர் பச்சை குத்தியிருந்தால் மறைத்துக்கொள்ளுங்கள், அதற்காக நாட்டைவிட்டு அனுப்பப்பட்ட வெளிநாட்டவர் உண்டு.

கட்டுவாபிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயம் வேறு வகை. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசையில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். பல வீடுகளில் ஒருவருக்கு மேற்பட்டவர்கள். சில மாதங்களில் தேவாலயத்தைத் திருத்திக் கட்டித் திறந்துவிட்டார்கள், இறந்தவர்களின் நினைவிடம் வளாகத்தில் இருக்கிறது. போகலாம், சுற்றுலாத் தலமாக நினைத்துப் போகவேண்டாம். கைத்தொலைபேசி பையிலேயே இருக்கட்டும். அந்தப் பகுதியில் யாரிடமும் நீங்களாக அந்த நாளைப் பற்றிக் கேட்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

புனித வாரத்தில் வருகிறவர்கள் துவாவைத் தவறவிடாதீர்கள். களப்பு வாயில் உள்ள சின்னஞ்சிறு மீனவக் குடியிருப்பு அது. இயேசுவின் பாடுகளை அங்கே பாஸ்கு நாடகமாக நடத்துகிறார்கள். பழைய நாளில் சுரூபங்களையும் பொம்மைகளையும் கொண்டு காட்டப்பட்டது. 1930களின் இறுதியில் அங்கே பணியாற்றிய மார்சலின் ஜயக்கொடி அடிகளார், ஊர் மக்களே நடிக்கும்படி அதை மாற்றியமைத்தார். பாடலாசிரியராகப் பெயர்பெற்று, 1983இல் மக்சேசே விருது வாங்கியவர். அந்த நாட்களில் ஊர்த் தெருக்கள் அடைபடும், வண்டியைப் பாலத்துக்கு அப்பால் விட்டு நடக்க வேண்டும்.

தமிழில் பேசலாமா?

பேசலாம், ஆனால் இடம் பார்த்து. கடற்கரைத் தெருவில் முத்துமாரியம்மன் கோவிலைச் சுற்றிய கடைகளில் தமிழ் தாராளமாக நடக்கும். விஜயரத்தினம் இந்து மத்திய கல்லூரி ஊரின் தமிழ்ப் பள்ளி. பெரியமுல்லையில் முஸ்லிம்களிடம் தமிழிலேயே விலை கேட்கலாம். நகைக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் தூத்துக்குடி வேர் கொண்ட பரதர் குடும்பங்களைச் சந்திக்க வாய்ப்புண்டு.

கவனமாக இருக்க வேண்டியது கடலோர மீனவக் குடும்பங்களிடம். பெர்னாண்டோ என்றும் வர்ணகுலசூரிய என்றும் பெயர் கொண்ட இவர்களில் முதியவர்கள் பலர் வீட்டில் தமிழ்தான் பேசி வளர்ந்தவர்கள். நீர்கொழும்புக்கென்றே ஒரு மீனவத் தமிழ் உண்டு. பள்ளிக்கூட மொழி சிங்களமானதோடு பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சிங்களத்துக்குப் போய்விட்டார்கள். இன்று அவர்கள் தங்களைச் சிங்களவர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். லெல்லமவில் ஒரு முதியவர் வலையைப் பற்றித் தமிழில் விளக்கினால் மகிழுங்கள். 'அப்படியென்றால் நீங்கள் தமிழரா?' என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த நாட்டில் அது ஓர் அரசியல் கேள்வி, பயணியின் வாயில் அழகாக இருக்காது. சிங்களத்தில் 'கீயத' என்றால் எவ்வளவு, 'எப்பா' என்றால் வேண்டாம். சந்தையில் இந்த இரண்டும் போதும்.

மதியச் சாப்பாடு

கடற்கரை உணவகங்களில் மீனை ஐஸ் மேல் அடுக்கி வாசலில் வைத்திருப்பார்கள். கண்ணைக் கவரும், விலை எடைக்கு. தராசில் வைக்கும் முன் மொத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நகருக்குள், பஸ் நிலையத்தைச் சுற்றிய சாப்பாட்டுக் கடைகளில் சோறும் மீன் குழம்பும் பருப்பும் பொல் சம்பலும் மிகக் குறைந்த விலையில் நன்றாகவே இருக்கும். களப்பு நண்டும் களப்பு இறாலும் கேட்டு வாங்குங்கள். பண்ணை இறால் பெரிதாக இருக்கும், சுவை களப்பு இறாலுக்குத்தான். காலையில் பேக்கரியில் சூடான பாணும் மாலுபாணும். என்னைக் கேட்டால், ரோஸ்ட் பாணைப் பிய்த்து முந்தைய நாள் மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுவதற்கு ஈடாக எந்த நட்சத்திர ஹோட்டல் பஃபேயும் இல்லை.

பௌர்ணமி நாள் போயா விடுமுறை. அன்று நாடு முழுக்க மது விற்பனை இல்லை, இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும்.

மாலை: கடலும் காற்றும்

குளிக்க வேண்டுமென்றால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, கடல் கொந்தளிக்கும், நீரோட்டம் இழுக்கும். நல்ல மாதங்களிலும் தண்ணீர் கலங்கல்தான். களப்பும் வடக்கே மகா ஓயாவும் சேறு கொண்டுவந்து கொட்டுகின்றன. பளிங்கு நீர் தேடி வந்தவர்கள் ஏமாற்றமடைந்து ஊரைத் திட்டுவது நியாயமில்லை, அந்தச் சேறுதான் இறாலுக்கும் மீனுக்கும் சோறு. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் இந்தக் கரையெங்கும் ஒதுங்கின, மீன்பிடியும் நிறுத்தப்பட்டது. இங்கே சுற்றுச்சூழலைப் பற்றி மீனவரிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் அந்தக் கப்பலில்தான் தொடங்குவார்.

பருவக்காற்று மாதங்களில் நீர்கொழும்பு மீனவர் பலர் கிழக்கு, வடகிழக்குக் கரைகளுக்குப் போய் வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். முல்லைத்தீவுப் பக்கத்தில் அது அங்குள்ள தமிழ் மீனவரோடு ஓயாத உரசல். நீங்கள் இரண்டு ஊருக்கும் போகிறவராக இருந்தால் இரண்டு பக்கக் கதையையும் கேட்டுவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

பக்கவாட்டில் மிதவை கட்டிய, சதுரப் பழுப்புப் பாய் விரித்த ஓரு வள்ளங்கள்தான் நீர்கொழும்பின் முத்திரைக் காட்சி. விடியும் முன் நிலக்காற்றில் கடலுக்குப் போய், பகலில் கடற்காற்று எழுந்ததும் அதே பாயில் திரும்பும். எஞ்சின் படகுகள் பெருகியதால் இப்போது எண்ணிக்கை குறைவு. சுற்றுலாப் பயணிகளை ஏற்றவும் சில நிற்கின்றன. பேரம் பேசி, எவ்வளவு நேரம் என்பதையும் பேசி, உயிர்காப்பு உடுப்புப் போட்ட பிறகே ஏறுங்கள்.

திரும்பும்போது

விமான நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். காலை ஏழு முதல் ஏழரை வரையும், பிற்பகல் ஒன்றரை முதல் இரண்டு வரையும் பள்ளி வண்டிகளால் ஊர் நெரியும். அந்த நேரத்தில் புறப்படுகிறவர்கள் இன்னும் அரைமணி கூட்டிக்கொள்ளுங்கள். தேவாலயத் திருவிழா நாளா என்று ஹோட்டலில் முந்தைய இரவே விசாரியுங்கள். ஊர்வலம் என்றால் வீதி மூடப்படும், ஓட்டோக்காரருக்குச் சுற்று வழி தெரியும்.

இடைவழிப் பயணியாக ஆறு, ஏழு மணி நேரம் மட்டும் கையில் உள்ளவர்கள் எல்லாவற்றுக்கும் ஆசைப்படாதீர்கள். விடியலில் என்றால் லெல்லமவும் கருவாட்டு வெளியும் கோட்டை வாயிலும், பிறகு ஒரு மீன் குழம்பு. பகலில் என்றால் களப்புப் படகு மட்டும். நடுப்பகலில் லெல்லமவுக்குப் போனால் கழுவிவிட்ட சிமெண்ட் தரைதான் இருக்கும். பயணப் பைகளை ஹோட்டல்கள் சிறு தொகைக்கு வைத்துக்கொள்ளும்.

கருவாடு வாங்கியிருந்தால் காகிதத்தில் சுற்றி, மேலே இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு, மூடியுள்ள டப்பாவில் அடைத்து, பதிவுப் பையில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் உங்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் கொழும்பிலிருந்து தரை தொடும் வரை உங்களைச் சபிப்பார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் இறங்கியதும் உணவுப் பொருள் படிவத்தில் கட்டாயம் எழுதிக் காட்ட வேண்டும். மறைத்துப் பிடிபட்டால் அபராதத் தொகை கட்டாக் கருவாட்டின் விலையைப் பல மடங்கு தாண்டிவிடும்.